வாத்தியாருக்கு ஃபைன் போட்ட மாணவர்கள்

ஒரு புரொபசரால் ஒரே ஒரு நாள் வகுப்புக்கு வர முடியவில்லை. யாரிடம் லீவு கேட்பார்? துறைத் தலைவரிடம் அல்லது முதல்வரிடம் என்றுதான் நாம் சொல்வோம். சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் இத்தாலியின் போலோனியா நகரத்தில் சட்டம் சொல்லிக்கொடுத்த புரொபசராக இருந்தால், அவர் தன்னுடைய மாணவர்களிடம்தான் லீவு கேட்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போவதென்றால், திரும்பி வருவேன் என்பதற்குப் பிணையாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

இன்னும் இருக்கிறது. மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும். அடுத்த மணி அடித்த ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாடநூலில் ஒரு பகுதியையும் தாண்டிப் போகக்கூடாது. கஷ்டமான கேள்வி வந்தால் "இதைக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடக்கூடாது. முறையான வகுப்புக்கு ஐந்து பேராவது வந்து உட்காரவில்லை என்றால், அன்றைக்கு அவர் வகுப்பே எடுக்காத மாதிரி கணக்கு வைத்து ஃபைன் போடுவார்கள்.

நல்ல கல்லூரிப் படிப்பு என்றால் என்ன என்று மாணவர்களிடம் கேட்பது ஏதோ புதுசாக வந்த பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். கூகுள் ஃபார்ம், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கடைசியில் "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று ஒரு பெட்டி. ஆனால் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். பதில்களும் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியிருக்கின்றன. மாணவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கு நடக்கும் வாக்குவாதத்துக்கு இந்தப் பழைய கதை ரொம்பவே உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலோனியா: பல்கலைக்கழகம் என்றால் மாணவர் சங்கம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லின் மூலமான லத்தீன் சொல்லுக்கு அந்தக் காலத்தில் கட்டடம், வளாகம், பட்டம் என்ற பொருளெல்லாம் கிடையாது. ஒரு கூட்டமைப்பு, அவ்வளவுதான். நெசவாளர் சங்கம், வணிகர் சங்கம் மாதிரி இதுவும் ஒரு சங்கம். பாரிஸில் அது ஆசிரியர்களின் சங்கம். போலோனியாவில் மாணவர்களின் சங்கம்.

போலோனியா பல்கலைக்கழகம் தன் பிறந்த ஆண்டாக 1088ஐச் சொல்லிக்கொள்கிறது. அது 19ஆம் நூற்றாண்டில் 800ஆவது ஆண்டு விழாவுக்காக ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்த ஆண்டு. உண்மையில் ஒரு நாளில் திறப்பு விழா நடத்தித் தொடங்கிய இடம் இல்லை அது. ஜஸ்டினியனின் ரோமானியச் சட்டத் தொகுப்பைப் பாடம் சொல்ல அங்கே நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள். கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சின்னப் பையன்கள் இல்லை. பலர் இருபது வயதைத் தாண்டியவர்கள். சிலர் ஏற்கெனவே தேவாலயங்களில் பதவியும் வருமானமும் உள்ளவர்கள். சட்டம் படித்தால் அரசரிடமோ ஆயரிடமோ பெரிய வேலை கிடைக்கும் என்று காசு செலவழித்து வந்தவர்கள்.

ஆனால் அவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்தக் காலத்து இத்தாலிய நகரத்தில் வெளியூர்க்காரனுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு. ஒரு ஜெர்மானியன் கடன் வைத்துவிட்டு ஓடினால் இன்னொரு ஜெர்மானியனைப் பிடித்து வசூலிக்கிற வழக்கம்கூட இருந்தது. பேரரசர் முதலாம் ஃபிரடெரிக் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கொடுத்த சாசனம் மாணவர்களை இந்த மாதிரித் தொல்லையிலிருந்து காப்பாற்றத்தான். அது போதவில்லை. அதனால் ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கத்தவர், அந்தப் பக்கத்தவர் என்று இரண்டு பெரிய பிரிவு. தலைவராக ரெக்டர். அவரும் ஒரு மாணவர்தான். போலோனியா நகரத்திலேயே பிறந்தவர்களுக்கு இதில் முழு உறுப்பினர் உரிமை கிடையாது. அவர்களுக்கு நகரமே பாதுகாப்பு, தனிச் சங்கம் எதற்கு என்பதுதான் கணக்கு.

இந்தச் சங்கம் முதலில் மோதியது வாத்தியார்களோடு இல்லை, வீட்டுக்காரர்களோடும் புத்தகக் கடைக்காரர்களோடும். இது முக்கியம். கல்வித் தரம் என்றதும் நாம் உடனே வகுப்பறைக்குள் போய்விடுகிறோம். போலோனியா மாணவனுக்குத் தரம் என்பது வாடகையில் தொடங்கியது. அநியாய வாடகை கேட்கும் வீட்டைச் சங்கமே தள்ளிவைக்கும், எந்த மாணவனும் அங்கே குடியிருக்க மாட்டான்.

அடுத்தது புத்தகம். அச்சு இல்லாத காலம். பாடநூலைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாடகைக்குத் தருவார்கள், மாணவன் வாங்கிப்போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். மூலப் பிரதியில் பிழை இருந்தால் ஊரெல்லாம் அந்தப் பிழை பரவும். சட்டப் புத்தகத்தில் ஒரு 'இல்லை' விடுபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் மூலப் பிரதிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க மாணவர்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாடகைக் கட்டணத்தையும் நிர்ணயித்தார்கள்.

இதற்குப் பிறகுதான் வாத்தியார் பக்கம் திரும்பினார்கள். அங்கேயும் ஆயுதம் ஒன்றுதான்: பணம். ஆரம்பக் காலத்தில் புரொபசருக்குச் சம்பளம் என்று யாரும் கொடுக்கவில்லை, மாணவர் தரும் கட்டணம்தான். அதுவும் ஒழுங்காக வராது. 13ஆம் நூற்றாண்டில் ஓடோஃப்ரெடஸ் என்று புகழ்பெற்ற ஒரு சட்ட ஆசிரியர் இருந்தார். வருஷக் கடைசி வகுப்பில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது: வழக்கமான வகுப்பை அடுத்த வருஷமும் எடுப்பேன், ஆனால் கூடுதல் வகுப்பு கிடையாது, ஏனென்றால் மாணவர்கள் ஒழுங்காகக் காசு கொடுப்பதில்லை. தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது, கொடுக்கத்தான் மனசு வருவதில்லை என்று ஒரு குத்தல் வேறு. டியூஷன் எடுக்கும் எந்த வாத்தியாரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்.

காசு கொடுப்பவன் கேள்வி கேட்பான். 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதி வைத்த சட்ட மாணவர் சங்க விதிகளில் அந்தக் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. புரொபசர் மாணவ ரெக்டருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு தொகையை நகரத்து வங்கிக்காரரிடம் முன்பணமாகக் கட்டி வைக்க வேண்டும், ஃபைன் அதிலிருந்து கழியும். பாடநூல் முழுவதையும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, எந்தத் தேதிக்குள் எந்தப் பகுதி முடிய வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவார்கள். தேதி தாண்டினால் ஃபைன். வாத்தியார்களைக் கண்காணித்துப் புகார் சொல்வதற்கென்றே மாணவர்களில் சிலரை நியமித்திருந்தார்கள். கட்டுப்படாத புரொபசரின் வகுப்பை மாணவர்கள் புறக்கணித்தால் அவர் பிழைப்பு போய்விடும்.

நகரம் குறுக்கே வந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவது. 1222இல் பதுவா பல்கலைக்கழகம் அப்படித்தான் பிறந்தது. 1321இல் ஒரு மாணவருக்கு நகரம் மரண தண்டனை கொடுத்தபோது பெரிய கூட்டம் சியெனாவுக்குக் கிளம்பிவிட்டது. கட்டடம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு இது ஒரு வசதி. ஆட்கள் போனால் பல்கலைக்கழகமே போனது.

அவர்கள் கேட்காத கேள்வி

இந்த விதிகளைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்று. மாணவர்களிடம் இவ்வளவு அதிகாரம் இருந்தும், "இவர் நல்லாசிரியரா?", "இவர் பாடம் உங்களுக்குப் பிடித்ததா?" என்ற மாதிரிக் கேள்வி இந்த விதிகளில் எதிலும் இல்லை. வந்தாரா, எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், எதை விட்டார், எந்தத் தேதியில் எந்தப் பகுதியில் இருந்தார், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாமே கண்ணால் பார்த்து, எண்ணி, குறித்து வைக்கக்கூடியவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாருக்குப் பட்டம் கொடுப்பது என்பதில் மாணவர்கள் கை வைக்கவில்லை, வைக்கவும் முடியவில்லை. தேர்வு நடத்துவது ஆசிரியர் குழுவின் உரிமை. 1219இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ், நகரத்தின் தலைமைத் துணைக்குருவின் ஒப்புதல் இல்லாமல் ஆசிரியர் உரிமம் தரக்கூடாது என்று ஆணையிட்டார். ஆக, பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்பது மாணவர் கையில், யார் தேறினார் என்று சொல்வது வேறு கையில். மாணவர் ஆட்சி நடந்த இடத்தில் பட்டம் மலிவாகிப் போகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆட்சி எப்படி முடிந்தது? புரட்சி எதுவும் இல்லை. நகராட்சி சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒன்றிரண்டு பேருக்கு என்று தொடங்கி, 14ஆம் நூற்றாண்டில் அதுவே வழக்கமாயிற்று. நல்ல புரொபசர் ஊரைவிட்டுப் போய்விடக்கூடாது என்பது நகரத்தின் கவலை. மாணவர்களுக்கும் சந்தோஷம், கட்டணம் மிச்சம். ஆனால் சம்பளம் கொடுத்தவர்கள் நியமனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விதிகள் ஏட்டில் இருந்தன, பல் இல்லை. இலவசமாகக் கிடைத்தது என்று மாணவர்கள் நினைத்ததற்கு விலை இருந்தது.

பாரிஸ்: நோட்ஸ் வேண்டும் என்று கல் எறிந்தவர்கள்

பாரிஸ் கதை நேர் எதிர். அங்கே அதிகாரம் ஆசிரியர் சங்கத்திடம். கலைப் பிரிவில் படித்தவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் நினைத்தது என்ன என்று ஓர் ஆவணத்திலிருந்து நமக்குத் தெரிகிறது. 1355ஆம் ஆண்டு கலைப் பிரிவு போட்ட ஒரு விதி அது.

விஷயம் இதுதான். பாடம் நடத்துவதில் இரண்டு முறை புழக்கத்தில் இருந்தன. ஒன்று, கேட்பவர் மனதில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கை எழுத முடியாது என்கிற வேகத்தில் பேசுவது. இன்னொன்று, ஒவ்வொரு வார்த்தையும் எழுதிக்கொள்ளும்படி மெதுவாகச் சொல்வது. அதாவது நம்ம ஊர் டிக்டேஷன். ஆசிரியர்கள் ஆராய்ந்து முதல் முறைதான் நல்லது என்று முடிவு செய்தார்கள். எதிரில் யாரும் எழுதவில்லை என்பது போலப் பேசுங்கள், தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிற மாதிரி. மீறுகிற ஆசிரியருக்குத் தண்டனை.

அந்த விதியிலேயே அடுத்த பகுதிதான் சுவாரசியம். இதை எதிர்த்துக் கத்துகிற, சீறுகிற, சத்தம் போடுகிற, தாங்களாகவோ ஆள் வைத்தோ கல் எறிகிற மாணவர்களுக்கும் தண்டனை உண்டு என்று சொல்கிறது. கல் எறிவான் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள் என்றால், நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பையன்கள் கேட்டது நோட்ஸ். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் புத்தகம் சொந்தமாக வாங்க வசதி இல்லாத ஒருவனுக்கு, வகுப்பில் எழுதிக்கொண்ட நோட்டுதான் புத்தகம். அச்சு வருவதற்கு இன்னும் நூறு வருஷம் இருக்கிறது. ஆசிரியர் பார்வையில் டிக்டேஷன் என்பது மூளையை மழுங்கடிக்கும் வேலை. மாணவர் பார்வையில் அது கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரே சொத்து. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான் படித்த காலத்தில் பழுப்பேறிய நோட்டைப் பிரித்து வாசித்துக்கொண்டே போகிற ஆசிரியர் ஒருவர் இருந்தார். கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாம் சொல்வார். எங்களில் பாதிப் பேர் அவரைக் கிண்டல் செய்தோம். மீதிப் பாதிப் பேர் அவரைத்தான் சிறந்த ஆசிரியர் என்றார்கள். அந்த இரண்டாவது பாதியில் பெரும்பாலானவர்கள் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த நோட்டு இல்லாவிட்டால் பரீட்சையே இல்லை. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், இரண்டு தரம். மாணவர் கருத்து என்று சராசரி எடுத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

கோர்தோபா 1918: யாரை நியமிப்பது?

அர்ஜென்டினாவின் கோர்தோபாவுக்கு வருவோம். ஏசுசபையினர் 1613இல் தொடங்கிய பழமையான பல்கலைக்கழகம். 1917 கடைசியில் மருத்துவ மாணவர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிற்சி பெறும் ஏற்பாட்டை நிர்வாகம் நிறுத்தியது. மாணவர்கள் போராடினார்கள். ஆனால் அது வெறும் தொடக்கம்தான். உள்ளே இருந்த கோபம் வேறு. புரொபசர் பதவிகள் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒருமுறை உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அந்த நாற்காலி அவருடையது.

ஜனாதிபதி இரிகோஜென் தலையிட்டு விதிகளை மாற்றினார், தேர்தல் வந்தது. 1918 ஜூன் 15 அன்று பழைய அணியின் அந்தோனியோ நோரெஸ் ரெக்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் மாணவர்கள் மண்டபத்துக்குள் புகுந்து கூட்டத்தையே கலைத்துவிட்டார்கள். ஆறு நாள் கழித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எழுதியவர் தியோதோரோ ரோகா. தென் அமெரிக்காவின் சுதந்திர மனிதர்களை நோக்கிப் பேசுகிற அறிக்கை அது.

கோரிக்கைகளைப் பாருங்கள். ஆசிரியர் நியமனம் திறந்த போட்டியில் நடக்க வேண்டும். பதவி குறிப்பிட்ட காலத்துக்குத்தான், பிறகு மறுபரிசீலனை. ஒரே பாடத்தை வேறொருவரும் நடத்த அனுமதி வேண்டும், மாணவன் பிடித்தவரிடம் போய்க் கேட்கலாம். அட்டெண்டன்ஸ் கட்டாயம் கூடாது. நிர்வாகக் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் வேண்டும். பல்கலைக்கழகம் மதில்சுவருக்கு வெளியே உள்ள சாதாரண மக்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

போலோனியாக்காரன் "வாத்தியார் மணிக்கு வந்தாரா" என்று கேட்டான். கோர்தோபாக்காரன் "இந்த வாத்தியார் இங்கே எப்படி வந்தார்" என்று கேட்டான். தரம் கெட்டதற்குக் காரணம் வகுப்பறையில் இல்லை, நியமனத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அட்டெண்டன்ஸ் வேண்டாம் என்றதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வகுப்பு காலியாக இருந்தால் யார் தகுதியில்லாதவர் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! போலோனியாவின் 'ஐந்து பேர்' விதி வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது.

அரசு கடைசியில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டது. பெரு, கியூபா என்று லத்தீன் அமெரிக்கா முழுக்க அந்த அலை பரவியது.

படிவம் வந்த கதை

நமக்குப் பழக்கமான மதிப்பீட்டுப் படிவம் அமெரிக்கச் சரக்கு. 1925இல் ஹார்வர்டின் மாணவர் பத்திரிகையான கிரிம்சன், பாடங்களையும் ஆசிரியர்களையும் விமர்சித்து ஒரு கையேடு வெளியிட்டது. அது மாணவர் மாணவருக்குச் சொன்னது. 1927இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகா ஒருவரும் சேர்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இது ஆய்வாளர் மாணவரிடம் கேட்டது. அதில் பத்து குணங்கள்: பாடத்தில் ஆர்வம், மாணவர் மீது பரிவு, மதிப்பெண் போடுவதில் நேர்மை, பாடத்தை எடுத்துச் சொல்லும் விதம், நகைச்சுவை உணர்வு. தோற்றம்கூட உண்டு.

கவனித்தீர்களா? இங்கேதான் கேள்வியின் தன்மை மாறுகிறது. "என்ன நடந்தது?" என்பது போய் "உனக்கு என்ன தோன்றியது?" என்பது வருகிறது. 1960களின் மாணவர் எழுச்சிக்குப் பிறகு இந்தப் படிவங்கள் அமெரிக்கா முழுக்கப் பரவின. ஆசிரியரின் பதவி உயர்வுக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

உடனே சந்தேகமும் வந்தது. 1973இல் வெளியான 'டாக்டர் ஃபாக்ஸ்' ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கலாம். மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நடிகரைப் பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்திப் பேச வைத்தார்கள். நகைச்சுவை உண்டு, கம்பீரம் உண்டு, விஷயம் இல்லை. கேட்டவர்கள் மாணவர்கள்கூட இல்லை, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும். பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டுக் கொடுத்தார்கள்.

2010இல் அமெரிக்க விமானப்படை அகாடமியில் செய்த ஆய்வு இன்னும் கனமானது. அங்கே மாணவர்களை எந்த ஆசிரியரிடம் போடுவது என்பது குலுக்கல் மாதிரி நடக்கிறது, எல்லாருக்கும் ஒரே தேர்வு. ஒரு பாடத்தில் மதிப்பெண் ஏற உதவிய ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு தந்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடங்களில் நன்றாகச் செய்தவர்கள், அவ்வளவு நல்ல மதிப்பீடு பெறாத, அனுபவம் அதிகமுள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்கள். 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் பார்த்ததும் இதே மாதிரிதான். சிக்கலைத் தாங்களே போராடித் தீர்த்த மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் நாங்கள் குறைவாகத்தான் கற்றோம் என்றார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாக வாங்கினார்கள், நிறையக் கற்றதாக நம்பினார்கள். நமக்குத் தெரிந்த சங்கதிதானே? சைக்கிள் ஓட்டக் கற்கிறபோது விழுந்தவனுக்குத்தான் ஒன்றுமே வரவில்லை என்று தோன்றும்.

இதை வைத்து "பார்த்தீர்களா, மாணவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடித்துவிடுகிற ஆட்கள் உண்டு. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு ஆய்வைப் பாருங்கள். 2015இல் வெளிவந்தது. இணையவழிப் பாடம், முகம் தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உதவி ஆசிரியர்கள். இருவரும் ஒரு குழுவுக்குத் தங்கள் சொந்த அடையாளத்திலும், இன்னொரு குழுவுக்கு மற்றவரின் அடையாளத்திலும் பாடம் நடத்தினார்கள். ஆண் என்று நினைத்தவருக்கு அதிக மதிப்பெண் விழுந்தது. விடைகளைத் திருத்தி எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் அனுப்பினார்கள். ஆனாலும் 'சீக்கிரம் திருத்தித் தந்தாரா' என்ற கேள்வியில்கூட, பெண் என்று நினைத்தவருக்குக் குறைவு.

பிரச்சினை எங்கே இருக்கிறது? மாணவன் கண்ணிலா, கேள்வியிலா? "எத்தனை நாளில் திருத்தித் தந்தார்?" என்று கேட்டிருந்தால் பதில் ஒரு எண். "சீக்கிரம் தந்தாரா, ஐந்துக்கு எத்தனை?" என்று கேட்டால் அதில் ஆண், பெண், நிறம், சாதி, குரல், சட்டை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். போலோனியாக்காரர்கள் தேதியும் மணியும் கேட்டது தற்செயலோ புத்திசாலித்தனமோ, அது வேலை செய்யக்கூடிய கேள்வி.

நம் ஊருக்கு வந்தால்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது. பாடம் நடத்துவது கல்லூரிகள். பாடத்திட்டத்தை ஒருவர் போடுவார், இன்னொருவர் நடத்துவார், மூன்றாவது ஆள் கேள்வித்தாள் எடுப்பார். இந்த அமைப்பில் மாணவனுக்கு நல்ல ஆசிரியர் என்பவர் யார்? போர்ஷனை முடித்தவர், முக்கியமான கேள்வி எது என்று சொன்னவர். அப்படி ஒரு மாணவன் நினைத்தால் அது அவன் குறையா? அமைப்பு அவனை அப்படித்தான் எடை போடச் சொல்கிறது. 1917இல் அமைந்த கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷனும், சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் அமைந்த ராதாகிருஷ்ணன் கமிஷனும் தேர்வின் ஆதிக்கத்தைப் பற்றி வருந்தின. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வில்தான் என்கிற அளவுக்கு ராதாகிருஷ்ணன் கமிஷன் போனது.

1994இல் நாக் வந்தது. 2017இல் மாற்றியமைத்த அதன் நடைமுறையில் மாணவர் திருப்தி ஆய்வு சேர்ந்தது. அதன் முதல் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் வகுப்பில் முடிக்கப்பட்டது? போலோனியாவின் தேதி அட்டவணை அப்படியே! எண்ணிச் சொல்லக்கூடிய, நேர்மையான கேள்வி.

ஆனால் கேள்வி நன்றாக இருந்து என்ன பயன்? கல்லூரிகள் தாங்களாக வாங்குகிற ஃபீட்பேக் எப்படி நடக்கிறது என்று என் அக்கா பையனிடம் கேட்டேன். அவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம்.

"ஆறு சப்ஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் பதினஞ்சு கேள்வி மாமா. அத போடலைன்னா ஹால் டிக்கெட் டவுன்லோடு ஆகாது. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு வந்துட்டேன்."

"பாடமே எடுக்காதவருக்கும் அஞ்சா?"

"ரோல் நம்பர் போட்டு லாகின் பண்ணித்தான மாமா போடுறோம். இன்டர்னல் மார்க் அவர் கைல இருக்கு."

இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டியதில்லை. போலோனியாவில் புரொபசரின் முன்பணம் மாணவர் பக்கம் இருந்தது. இங்கே மாணவனின் இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கிறது. முன்பணம் யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம்தான் உண்மை சாயும். அவன் போட்ட ஐந்துகள் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு கோப்பில் 'மாணவர் திருப்தி' என்று போய் உட்காரும்.

சரி, என்ன செய்யலாம்? நாளைக்கே மாணவர்கள் கையில் ஃபைன் புத்தகத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. போலோனியா மாணவர்கள் வசதியானவர்கள், வயதில் பெரியவர்கள், பிடிக்காவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்பக்கூடியவர்கள். கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் அவள் சொல்வதைப் பாதுகாப்பாகச் சொல்ல வழி இருக்க வேண்டும்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று விஷயம். ஒன்று, மாணவர் பார்த்ததைக் கேளுங்கள்: எத்தனை வகுப்பு நடந்தது, லேப்பில் எத்தனை மெஷின் ஓடுகிறது, விடைத்தாள் எத்தனை நாளில் வந்தது, நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது. இதில் அவர்களைவிட நல்ல சாட்சி யாரும் இல்லை. இரண்டு, எவ்வளவு கற்றாய் என்று அந்த செமஸ்டரிலேயே கேட்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பாடத்தின் மேல் கட்டிய அடுத்த பாடத்தைப் படித்தபிறகு கேளுங்கள், அப்போது பதில் வேறாக இருக்கும். மூன்று, பதில் சொன்ன பிறகு என்ன மாறியது என்று மாணவருக்கே திரும்பச் சொல்லுங்கள். உடைந்த ஒரு மின்விசிறியைச் சரிசெய்துவிட்டு "நீங்கள் சொன்னதால்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால்கூடப் போதும், அடுத்த முறை எல்லாவற்றுக்கும் ஐந்து விழாது.

கோர்தோபா மாணவர்கள் கேட்ட கேள்வி, அதாவது இந்த ஆசிரியர் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்பது, எந்தப் படிவத்திலும் இன்னும் வரவில்லை. நியமனத்துக்கு எவ்வளவு கைமாறியது என்று கல்லூரி வாசல் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அது மாணவர் கருத்து இல்லையா? அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.